எட்டு மணி நாலு நிமிடம்

அத்தியாயம் 7

கதவைத் திறந்தவள் ஒரு நெட்டைப் பெண். பதினேழு வயது இருக்கும். அண்ணியை மேலிருந்து கீழாகவும், கொழுந்தனைக் கீழிருந்து மேலாகவும் அளந்தாள்.

"போலீஸா?"

"தனியார் துப்பறிவாளர்" என்றான் கொழுந்தன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"பாதி போலீஸ்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு அவள் போயேவிட்டாள். மாடியில் யாரோ காறித் துப்பும் சத்தம் கேட்டது. வரவேற்பு பிரமாதம் என்று எண்ணிக்கொண்டே கொழுந்தன் கதவைத் தள்ளிச் சாத்தினான். அது சாத்திக்கொள்ளவில்லை. மேலே ஓர் இரும்புக் கை பொருத்தியிருந்தார்கள். கதவு ஆடி அசைந்து, தனக்கு வேறு வேலையே இல்லை என்பதைப்போல நகர்ந்தது. அவன் முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளியும் அதன் வேகம் மாறவில்லை.

"விடுங்க. அதுவே மூடிக்கும்" என்று வெடுக்கென்று ஒரு குரல் வந்தது. மடித்த துணிகளைச் சுமந்தபடி படியேறிக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாற்பது வயது சொல்லலாம். கழுத்தில் கயிற்றில் ஒரு சாவி தொங்கியது. "போன மாசம் எல்லாக் கதவுக்கும் மாட்டினது. இவளுங்க அறைஞ்சு சாத்தறாங்கன்னு பக்கத்து வீட்டுல புகார்." அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் வாய் அழுக்காகிவிடும் என்பதுபோல அவள் போய்விட்டாள். பெண்கள் அவளை மிஸ் என்று கூப்பிட்டார்கள். பராமரிப்பாளர்கள் மூன்று பேர் முறை வைத்து இரண்டிரண்டு நாள் இங்கேயே தங்கி வேலை பார்க்கிறார்கள். இவள் முந்தாநாள் மாலை வந்தவள், இன்று மாலைதான் வீட்டுக்குப் போவாள்.

வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண மாடி வீடு. பலகை கிடையாது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத, அல்லது வீடே கூடாது என்று ஆகிவிட்ட ஆறு பெண் பிள்ளைகளை அரசாங்கம் இங்கே குடி வைத்திருந்தது. மூத்தவளுக்குப் பதினேழு, இளையவளுக்குப் பதிமூன்று. அந்த ஆறில் ஒன்று குறைகிறது என்பதற்காகத்தான் இவர்கள் இருவரும் வந்திருந்தார்கள்.

பொறுப்பாளர் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர் இருந்தார், மற்ற இரண்டிலும் கோப்புகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு உட்காரச் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை.

"கோப்புக்கு இருக்கற மரியாதைகூட நமக்கு இல்ல, அண்ணி" என்று காதோரம் முணுமுணுத்தான் கொழுந்தன். அவள் கண்டுகொள்ளவில்லை.

அவள் நிஜமாகவே அவனுடைய அண்ணன் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விண்ணப்பங்களைப் பிடிக்கும் வேலையில் இருந்த கொழுந்தன், ஒருநாள் ஆர்வக்கோளாறில் மேலாளருடைய மச்சானின் பொய் விண்ணப்பத்தையும் பிடித்து, அன்று மாலையே வீட்டில் வந்து உட்கார்ந்தான். மறுநாள் காலையில் அண்ணி தன் துப்பறியும் அலுவலகத்துக்குப் போகும்போது அவனையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள். வீட்டிலும் அவள் சொன்னபடிதான் நடந்தாக வேண்டும் என்பதால் அலுவலகத்தில் பழகிக்கொள்ள அவனுக்கு அதிக நாள் ஆகவில்லை.

பொறுப்பாளர் விஷயத்தை மூன்று நிமிடத்தில் முடித்தார். ஓடிப்போனவளுக்குப் பதினைந்து வயது. வாய் நீளம், அதனால் வாயாடி என்றே வீட்டில் பெயர். இதற்கு முன்பு இரண்டு தடவை ஓடியிருக்கிறாள். நேற்று மாலை ஆறு பத்துக்கு மூன்றாம் தடவை. மூன்றாம் தடவை ஓடினால் இந்த மாதிரிச் சின்ன வீட்டில் இடம் கிடையாது, பூட்டுப் போட்ட பெரிய விடுதிதான். பதினெட்டு முடியும்வரை வெளியே விடமாட்டார்கள். இன்று நாலு மணிக்கு மாதாந்திரப் பார்வைக்கு அதிகாரி வருகிறார். உத்தரவைத் தட்டச்சு செய்தே கொண்டு வருகிறார். அதோடு இணைக்க, வெளியாளை வைத்தும் தேடினோம் என்று ஒரு கடிதம் வேண்டும்.

"ஒரு மணி நேரம் சுத்திப் பாருங்க. தேடினோம், கிடைக்கலன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அவ்வளவுதான் உங்க வேலை."

"கிடைச்சுட்டா?" என்று கேட்டான் கொழுந்தன்.

பொறுப்பாளர் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். "கிடைக்க மாட்டா."

ஒரு பிள்ளை ராத்திரி முழுக்க வெளியே இருந்திருக்கிறது, இந்த மனிதர் முகத்தில் கவலை என்று பேருக்குக்கூட இல்லை. வீட்டில் பேனா தொலைந்தால்கூட இதைவிட அதிகமாகத் தேடுவார்கள் என்று கொழுந்தனுக்கு ஆத்திரம் வந்தது.

வாயாடியின் கோப்பைக் கேட்டு வாங்கி அண்ணி நின்றபடியே புரட்டினாள். நேற்றைய அறிக்கையை இரண்டு முறை படித்தாள். பிறகு பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளிப் போன வருடத்து அறிக்கை ஒன்றில் விரலை வைத்து, கொழுந்தன் பக்கம் திருப்பினாள். 'மாலை 6.10 மணிக்கு, கண்டித்ததைப் பொறுக்காமல், முன்கதவை ஓங்கி அறைந்து சாத்திவிட்டு ஓடினாள். நானே நேரில் பார்த்தேன்.' நேற்றைய அறிக்கையிலும் அதே வரிதான், ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"நேரம் தவறாத பொண்ணு" என்றான் கொழுந்தன்.

அண்ணி கோப்பை மூடிக் கொடுத்தாள். "நேத்து கதவை ஓங்கி அறைஞ்சப்போ சத்தம் பலமாக் கேட்டுதா சார்?"

"வீடே அதிர்ந்துது" என்றார் பொறுப்பாளர்.

கொழுந்தன் வாயைத் திறந்தான். அண்ணியின் குதிகால் அவன் கால் விரலைத் தேடி வந்து அமுக்கியது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

மாடியில் பிள்ளைகளின் அறை இரண்டு. ஓர் அறைக்கு மூன்று கட்டில்கள். எல்லா மெத்தைகளும் புரட்டிப் போடப்பட்டு, எல்லாப் பெட்டிகளும் கவிழ்க்கப்பட்டு, நேற்றுப் பொறுப்பாளர் நடத்திய சோதனை அப்படியே கிடந்தது. ஒரு பெண் தன் உள்ளாடைகளைத் தரையிலிருந்து பொறுக்கி மடித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தி, அவன் போகட்டும் என்று சுவரைப் பார்த்தாள். அவன் வெட்கத்தோடு வெளியே வந்துவிட்டான். வாரத்துக்கு எத்தனை தடவை இப்படிச் சோதனை என்று அண்ணி கேட்டதற்கு நெட்டைப் பெண்தான் பதில் சொன்னாள். அவருக்குத் தோன்றும்போதெல்லாம் நடக்குமாம். சோறு தாமதமானால்கூட மெத்தையைப் புரட்டுவாராம்.

நடைவழியின் கடைசியில் இன்னொரு கதவு இருந்தது. 'பணியாளர் மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. மிஸ் தூங்கும் அறை. அதன் முன்னால் தரையில் ஒரு சின்னப் பெண் கதவில் சாய்ந்து, காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பதிமூன்று வயது, இருப்பவர்களில் இவள்தான் இளையவள், குட்டி என்றார்கள். இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. கட்டு ஒழுங்காக, ஒரே அளவான சுற்றுகளாக இருந்தது.

"கொஞ்சம் வழி விடும்மா" என்றான் கொழுந்தன்.

குட்டி காலை இன்னும் நீட்டினாள்.

"கையில என்ன?"

பதில் இல்லை. கண்ணில் மட்டும் அவ்வளவு வெறுப்பு. இருமல் சத்தம் ஒன்று கேட்டது. அடுத்த நொடியே குட்டி தானும் இருமினாள், கையை வாயில் பொத்தி, மிகையாக, பள்ளிக்கூட நாடகத்தில் நோயாளி வேடம் போட்டவளைப்போல. பாவம், சளி பிடித்திருக்கிறது என்று கொழுந்தன் நினைத்தான். அவன் நினைத்ததில் அன்றைக்கு அதுதான் முதல் தப்பு.

அண்ணிக்கு ஒரு வியாதி உண்டு. ஆணியில் மாட்டியிருக்கும் எதையும் படிக்காமல் தாண்டிப் போக மாட்டாள். பல் டாக்டர் வீட்டு நாள்காட்டி, ரேஷன் கடை அறிவிப்பு, எதுவானாலும் சரி. நடைவழியின் நடுவில் மருந்து அலமாரி இருந்தது, பூட்டியிருந்தது. அதன் பக்கத்து ஆணியில் அட்டை ஒன்று தொங்கியது. மருந்துப் பதிவுத் தாள். அண்ணி அதன் முன் நின்றுவிட்டாள்.

தாளின் தலைப்பிலேயே விதி அச்சடித்திருந்தது. மருந்தைக் கொடுப்பவர் ஒருவர், பக்கத்தில் நின்று பார்ப்பவர் ஒருவர், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பெயர், மருந்து, நேரம், கையெழுத்து இரண்டு. இன்று காலைக்கு மூன்று வரிகள் இருந்தன. முதல் வரியில் நெட்டைப் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை, 8.01. மூன்றாவது வரியில் குட்டிக்கு வலி மாத்திரை, 8.06. நடு வரியில் வாயாடி, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், 8.04.

கொழுந்தன் சிரித்துவிட்டான். "செத்தவங்க ஓட்டுப் போடறதைக் கேள்விப்பட்டிருக்கேன் அண்ணி. ஓடிப்போனவளுக்கு மருந்து கொடுக்கறதை இப்பத்தான் பார்க்கறேன். மாசம் முழுக்க ஒரே உட்காரல்ல எழுதி வச்சுட்டாங்க போல."

"படிச்சு முடிச்சாச்சா?"

பின்னால் மிஸ் நின்றிருந்தாள். அட்டையைப் பிடுங்கவில்லை, ஆனால் அவள் நின்ற நிலையே பிடுங்குவதாக இருந்தது. சாருடைய ஆட்கள் தேடுவதாக இருந்தால் தெருவில் தேடட்டும், பிள்ளைகளின் தாளில் என்ன வேலை என்று கேட்டாள். அண்ணி பதிலுக்குக் குட்டியின் கையைக் காட்டினாள்.

"குளியலறையில வழுக்கி விழுந்தா. சார் எழுதியிருக்கார்."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் பார்க்காததை எழுதறதில்ல. எழுதாததைச் சொல்றதும் இல்ல." சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். இந்த வீட்டில் பிள்ளைகளைவிட மிஸ்ஸுக்குத்தான் முதலில் பாடம் நடத்த வேண்டும் என்று கொழுந்தன் கறுவிக்கொண்டான்.

அண்ணி அட்டையைக் கையில் எடுத்து அடித்தாள்களைப் புரட்டினாள். "தம்பி, நீ இன்சூரன்ஸ்ல எத்தனை பொய் விண்ணப்பம் பார்த்திருப்பே?"

"ஆயிரத்துக்குக் குறையாது."

"பொய்யா எழுதறவங்க நேரத்தை எப்படிப் போடுவாங்க?"

இது அவனுடைய பேட்டை. உற்சாகமாகச் சொன்னான். கற்பனையில் நடக்கும் விபத்தெல்லாம் எட்டு மணிக்கு நடக்கும், இல்லையென்றால் எட்டரைக்கு. ரொம்பக் கெட்டிக்காரனாக இருந்தால் எட்டேகால் போடுவான். நிஜமாகவே விபத்தில் மாட்டியவன்தான் கடிகாரத்தைப் பார்த்து எட்டு பதினேழு என்று எழுதுவான்.

"இதைப் பார்."

நேற்று மிஸ்ஸின் கை, 7.58, 8.00, 8.03. முந்தாநாள் வேறு கையெழுத்து, வேறு ஆள், எல்லாமே எட்டு மணி. அதற்கு முந்தின வாரம் மறுபடியும் மிஸ்ஸின் கை, 8.11, 8.12, 8.15. மிஸ் எழுதியதில் எந்த இரண்டு நாளும் ஒன்றாக இல்லை. கொழுந்தனின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அவன் மறுபடியும் நடு வரியைப் பார்த்தான். 8.01, 8.04, 8.06.

"அண்ணி, அப்படின்னா..."

"நினைச்சதை உள்ளேயே வச்சுக்க" என்றாள் அவள். பிறகு நடைவழியின் கடைசிவரை நடந்து போய்க் குட்டியின் முன் குந்தினாள். "இங்க பாரும்மா. முன்கதவு வழியா வெளியே ஓடின பொண்ணைத் தேடச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. வேற எந்தக் கதவையும் திறக்கச் சொல்லி யாரும் கேட்கல. கேட்காததை நான் செய்யறதில்ல."

குட்டியின் முறைப்பு கொஞ்சமும் குறையவில்லை. கால்களை மட்டும் ஒரு சாண் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மூன்றரைக்குப் பொறுப்பாளர் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டினார். அக்கம்பக்கம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் எல்லாம் தேடியதாக அதில் எழுதியிருந்தது. கொழுந்தன் தன் செருப்பைக் குனிந்து பார்த்து, ரயில் நிலையம்வரை போன தேய்மானம் தெரியவில்லையே என்றான். பொறுப்பாளருக்குக் கோபம் வந்தது. உங்களைப்போல நூறு பேர் கிடைப்பார்கள், இனி இந்த வட்டாரத்தில் எந்த இல்லத்தின் படியையும் நீங்கள் மிதிக்க முடியாதபடி செய்துவிடுவேன் என்றார். அண்ணி சாந்தமாக, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால்தான் மரியாதையாக இருக்கும் என்று சொல்லிவிட்டாள். கோப்புகளைத் தரையில் இறக்கி வைத்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டாள். கொழுந்தன் இன்னொன்றில் உட்கார்ந்தான். மருந்து அட்டை அண்ணியின் மடியில் கைப்பைக்கு அடியில் இருந்தது.

அதிகாரி நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்தார். வயதான பெண்மணி, தோளில் ரெக்சின் பை, முகத்தில் இது இன்றைக்கு ஐந்தாவது வீடு என்ற களைப்பு. பையிலிருந்து உத்தரவை எடுத்து மேசைமேல் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். மிஸ் வாசலோரம் கையைக் கட்டி நின்றாள். அந்தப் பேனா தாளில் பட்டுவிட்டால் ஒரு பிள்ளை மூன்று வருடம் பூட்டுக்குள் போய்விடும், அது மட்டும்தான் கொழுந்தன் மனதில் ஓடியது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றாள் அண்ணி. "கடிதத்துல நான் சரியா எழுதணும். சார், அவ எப்போ போனா?"

"எத்தனை தடவை சொல்றது? நேத்து மாலை ஆறு பத்து. கதவை ஓங்கி அறைஞ்சுட்டு ஓடினா. என் கண்ணால பார்த்தேன்."

"அதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள வரவே இல்லையா?"

"அவ நிழல்கூட வரல."

அண்ணி எழுந்தாள். முதலில் அதிகாரியிடம், வரும்போது முன்கதவைத் தாங்களே சாத்தினீர்களா என்று கேட்டாள். அதிகாரி புரியாமல், அது தானாகத்தான் மூடிக்கொண்டது என்றார். "யார் தள்ளினாலும் அப்படித்தான் மேடம். போன மாசத்துலேருந்து இந்த வீட்டுல எந்தக் கதவையும் அறைஞ்சு சாத்த முடியாது. ஆனா நேத்து வீடே அதிர்ந்துதுன்னு சார் சொல்றார். போன வருஷத்து அறிக்கையைப் பார்த்து எழுதும்போது கதவு மாறினதை மறந்துட்டார்."

பொறுப்பாளர் சமாளித்தார். அவசரத்தில் எழுதியதில் ஒரு வார்த்தை கூடிப்போயிருக்கும், அதற்காக ஓடியவள் ஓடவில்லை என்று ஆகிவிடுமா என்றார். அதிகாரியும் அதே கேள்வியோடுதான் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கைப்பையை நகர்த்தி அட்டையை எடுத்து உத்தரவின் மேலேயே வைத்தாள். விரல் நடு வரியில் இருந்தது.

அதைப் படிக்கப் பொறுப்பாளருக்கு நேரம் பிடித்தது. படித்ததும் அவர் திரும்பியது மிஸ் பக்கம். "பார்த்தீங்களா மேடம் இவ லட்சணத்தை? உட்கார்ந்த இடத்துல பொய்க்கணக்கு எழுதறா. ஓடிப்போனவளுக்கு மருந்து கொடுத்தாளாம். இன்னியோட உனக்கு வேலை இல்ல. வெளியே போ."

மிஸ் அசையவில்லை.

"அவங்க பொய் எழுதியிருந்தா போகட்டும் சார்" என்றாள் அண்ணி. "ஆனா பக்கத்துல இன்னொரு கையெழுத்து இருக்கே. பக்கத்தில் நின்று பார்த்தவர்னு மேலே அச்சடிச்சிருக்கு. அது யாருது?"

அது பொறுப்பாளருடைய கையெழுத்து. வால் நீண்டு, கீழே இரண்டு கோடு இழுத்து, யாரும் போலி செய்ய முடியாத கையெழுத்து. உத்தரவுக்கான விண்ணப்பத்திலும் அதுவே இருந்தது. அதிகாரி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னிக்குக் காலையில எட்டு நாலுக்கு அந்தப் பொண்ணு மருந்து இழுத்ததைப் பக்கத்துல நின்னு பார்த்தேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நேத்து ஓடினதையும் நீங்களேதான் பார்த்திருக்கீங்க. ரெண்டுல எதை நம்பறது, சொல்லுங்க. கடிதத்துல எழுதிடறேன்."

"அது... அவ கை தவறி எழுதியிருக்கா. நான் கவனிக்காம..."

"கை தவறல சார்."

மிஸ் முதல் தடவையாகக் கட்டிய கைகளை அவிழ்த்தாள். அவள் குரல் உயரவில்லை. "ஒன்பது மணிக்கு அட்டையை உங்க முன்னாடி நீட்டினேன். தினமும் நீட்டற மாதிரிதான். நீங்க போன்ல பேசிக்கிட்டே மூணு கையெழுத்தையும் போட்டீங்க. நடு வரியில யார் பேருன்னு ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருந்தா இப்ப நான்தான் மாட்டியிருப்பேன். நாலு வருஷமா நீங்க பார்த்ததில்ல. இன்னிக்கும் பார்க்க மாட்டீங்கன்னு நம்பினேன்."

கொழுந்தன் அவளை வாய் பிளந்து பார்த்தான். காலையிலிருந்து அவள் சோம்பேறி, திமிர் பிடித்தவள் என்று மனதுக்குள் போட்டிருந்த மதிப்பெண்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டான். அவளுக்கு இவர்கள்மேல் இருந்த வெறுப்பின் காரணமும் இப்போதுதான் விளங்கியது. இவ்வளவு பாடுபட்டு அவள் விரித்த வலையை, சாருடைய ஆட்கள் இருவர் வந்து அறுத்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறாள்.

இதை ஏன் தனக்கு ஒரு போன் செய்து சொல்லவில்லை என்று அதிகாரி கடுமையாகவே கேட்டார்.

"போன மாசம் ஒரு தடவை செஞ்சேன் மேடம். நீங்க உடனே சாருக்குப் போன் போட்டு, அப்படியான்னு கேட்டீங்க."

அதிகாரி மேசையைப் பார்த்தார். கழற்றிய மூடியை எடுத்துப் பேனாவில் மாட்டினார்.

"சரி, அப்போ அவ எங்கே?" பொறுப்பாளர் கத்தினார். "எல்லா ரூமையும் நானே தேடினேன். ஒரு மெத்தை விடல, ஒரு பெட்டி விடல."

"பிள்ளைங்க ரூம் எல்லாத்தையும் தேடினீங்க" என்றாள் அண்ணி. "இந்த வீட்டுல சோதனைன்னா பிள்ளைங்களுக்கு மட்டும்தானே. எட்டு ஒண்ணுக்கு ஒருத்திக்கு மாத்திரை, எட்டு ஆறுக்கு இன்னொருத்திக்கு. நடுவுல அலமாரியிலிருந்து மருந்தை எடுத்துட்டுப் போய்க் கொடுத்து, திரும்பி வர அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. இந்த மாடியைத் தாண்டிப் போயிருக்க முடியாது. அந்த மாடியில சோதனையே நடக்காத ரூம் ஒண்ணுதான்."

யாரும் கூப்பிடவில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் குட்டி வந்தாள். அவள் பின்னால், இல்லை, அவள் தோளைப் பிடித்தபடி பக்கத்தில், ஒல்லியாக இன்னொருத்தி வந்தாள். அவள் போட்டிருந்த சட்டை மிஸ்ஸினுடையது, முழங்கால்வரை தொங்கியது. இருமிக்கொண்டே வந்து அறை நடுவில் நின்றாள். கொழுந்தனைப் பார்த்து, "கதவு வரைக்கும் வந்து குட்டி இருமலுக்கு ஏமாந்துட்டுப் போனீங்களே, அது நீங்கதானே?" என்றாள். பெயர் சும்மா வைக்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

அதிகாரி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, நேற்று ஓடினாயா இல்லையா என்று கேட்டார்.

"முன்னாடி ரெண்டு தடவையும் ஓடினேன், மறைக்க மாட்டேன். நேத்து இவ கையைப் பிடிச்சு முறுக்கினார். கேட்டேன். அதிகாரி வரட்டும், சொல்றேன்னேன். பெல்ட்டைக் கழட்டினார். மாடிக்கு ஏறிட்டேன், மிஸ் ரூமுக்குள்ள இழுத்துக்கிட்டாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "ஓடியிருக்கலாம். பின்கதவு திறந்துதான் இருந்துது. இவளை விட்டுட்டு எப்படி ஓடறது?"

அந்த இடத்தில்தான் குட்டி, நேற்றிலிருந்து யாரிடமும் ஒரு சொல் பேசாதவள், கட்டுப் போட்ட கையை அதிகாரியின் முன் மேசைமேல் வைத்தாள்.

"குளியலறையில இல்ல" என்றாள். "இந்த ரூம்ல. இந்த மேஜைகிட்ட."

கொழுந்தன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான். அதிகாரி உத்தரவை நாலாக மடித்துப் பைக்குள் போட்டார். வெற்றுத் தாள் ஒன்றை எடுத்தார். பொறுப்பாளரிடம் சாவிகளை மேசைமேல் வைக்கச் சொன்னார், இன்றிலிருந்து இந்த வீட்டுக்குள் அவர் கால் வைக்கக் கூடாது என்றார், போலீசுக்குத் தானே சொல்லப்போவதாகவும் சொன்னார். முழுப் போலீசுக்கு என்று கொழுந்தன் மனதுக்குள் திருத்திக்கொண்டான்.

பொறுப்பாளர் சாவிக்கொத்தை வீசி எறிந்தார். உங்கள் எல்லோரையும் பார்த்துக்கொள்கிறேன், இதுகளை வைத்து மேய்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும் என்றெல்லாம் பேசினார். யாரும் பதில் சொல்லாததால் முன்கதவை நோக்கி விடுவிடுவென்று நடந்தார். வெளியே போய், திரும்பி, கைப்பிடியைப் பிடித்துத் தன் கோபம் முழுவதையும் திரட்டிக் கதவை ஓங்கி இழுத்தார்.

கதவு அவசரப்படவில்லை. இரும்புக் கை முனகியது. பொறுப்பாளர் மறுபடி இழுத்தார், இரண்டு கையாலும் இழுத்தார். சிவந்துபோன அவர் முகம் குறுகிக்கொண்டே வரும் இடைவெளியில் வெகுநேரம் தெரிந்தது. படியில் நெட்டைப் பெண்ணும் மற்றவர்களும் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் கதவு ஒரு சின்ன 'டக்' சத்தத்தோடு மூடிக்கொண்டது.

வாயாடி அதிகாரியின் தாளை எட்டிப் பார்த்தாள்.

"எழுதிக்கங்க மேடம். நாலு பத்துக்கு, கண்டிச்சதைப் பொறுக்காம, முன்கதவை ஓங்கி அறைஞ்சு சாத்திட்டு ஓடினார். நாங்க எல்லாரும் நேர்ல பார்த்தோம்."

மிஸ் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நாலு பன்னெண்டு" என்று திருத்தினாள்.